ஒப்பு என்னுஞ் சொல்

தமிழிலே நாள்தோறும் வழங்குஞ் சொற்களுள் ‘ஒப்பு’ என்பது ஒன்று. வழக்கின் மிகுதியால் அதன் பொருளை நின்று ஆராய்வார் அரியர். ஒரு பொருள் மற்றொரு பொருளோடு வடிவானும் தொழிலானும் பண்பானும் பொருந்தி நிற்றலை அச்சொல் உணர்த்தும் என்று சிறுவரும் கூறுவர். அவ்வளவில் அமையாது, அது கிளைத்துப் படர்ந்த வழியைத் தொடர்ந்து செல்வார்க்கு அதன்கண் வியக்கத்தக்கன பல உள. ஒருவன் தன் பெயரை எழுதி இடுவது கையொப்பம். இன்று இட்டது நேற்று இட்டதனை ஒத்திருத்தலாலே அது சான்றாகின்றது. ஆயினும் இரண்டு கையொப்பங்கள் மயிரிழையும் வேறுபாடின்றி ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாயின், ஒன்றனை வைத்து மற்றொன்று வரையப்பட்டது போலும் என்று அதனை ஆராய்வார் ஐயுறுவர். ஒத்திருத்தல் வேண்டும்; ஒன்றாயிருத்தல் ஆகாது. அச்சொல்லின் இயல்பு முழுதும் இச்சிறு செய்தியுள் அடங்கிக் கிடக்கின்றது.

நடிப்பவனுக்குச் செய்யப்படுவது ஒப்பனை. அவனை அரசனாக்குதலன்று, அரசனை ஒக்கச் செய்தலே அது. ஊரவரோடு தன்னையும் ஒருவனாக வைத்து உதவுதல் ஒப்புரவு. திருவள்ளுவனார் அதற்கென ஓரதிகாரம் வகுத்தார். நாகசுரத்தோடு உடன் ஊதப்படும் ஒத்து, இராகம் எத்திசைச் செல்லினும் தான் ஆதார சுருதியை விடாது நிற்பது. இந்நாளிற் பலவிடத்துச் சுருதிப்பெட்டி அதன் இடத்தைக் கைக்கொண்டுவிட்டது. இறந்தாரைப் பொன்னென்றும் மணியென்றும் ஒப்புச் சொல்லி மகளிர் அழுவது ஒப்பாரி. மனமின்றி ஒரு காரியத்தைச் செய்தவனை ‘ஒப்புக்குச் செய்தான்’ என்பர். செயலின் வடிவு உண்டு, செயல் இல்லை என்பது கருத்து. இனி, மாணாக்கன் மனப்பாடஞ் செய்ததனை ஆசிரியர் முன் பிழையறச் சொல்லுதலும் ‘ஒப்புவித்தல்’. ஒரு பொருளை அதற்குரியவர் கையிற் சேர்த்துவிடுதலும் ‘ஒப்புவித்தல்’. இவ்விரண்டும் ஒரு சொல்லாய் நிற்றல் கருதத்தக்கது.

‘ஒப்பு’, ‘ஒன்று’ என்னும் இரண்டும் ஒகரத்தில் தொடங்குதல் பற்றி, இரண்டற்கும் பொருளும் ஏறக்குறைய ஒன்றே என்று உரைப்பாரும் உளர். ஒலியின் ஒப்பைக் கொண்டு பொருளின் ஒருமையைச் சாதிக்கப் புகுதல், எந்தச் சொல்லை ஆராய்கின்றனரோ அந்தச் சொல்லையே அறியாமையாம்.

‘சமம்’ என்பதனையும் ‘ஒப்பு’ என்பதனையும் வேறுபாடின்றி வழங்குதலும் பெருவழக்காயிற்று. தராசின் ஒரு தட்டிற் படிக்கல்லும் மற்றொரு தட்டில் அரிசியும் இட்டு முள் நேர்நிற்பின், அவை எடையாற் சமம். கல்லும் அரிசியும் தம்முள் ஒப்பன என்று ஒருவருஞ் சொல்லார். ஒருதாய் வயிற்றில் ஒருங்கு பிறந்த இரட்டையர் முகத்தால் ஒப்பர். அவருள் ஒருவன் மெலியனாய் மற்றவன் பருத்தவனாய் இருத்தல் கூடும். கல்வியிலோ குணத்திலோ சமமாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. ஆகவே சமம் அளவைப் பற்றியது. ஒப்பு இயல்பைப் பற்றியது. சமயநூல் பயில்வார்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. உமாபதி தேவநாயனார் 1313-ஆம் ஆண்டில் அருளிச்செய்த சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கப்படுங் கொள்கைகளுள் சிவசமவாதம் என்பது ஒன்று. முத்தியில் உயிர் சிவத்தோடு சமமாம் என்பது அவ்வாதம். ‘சமம்’ என்னும் அவ்வொரு சொல்லாலேயே அவர் வேறுபிரிக்கப்பட்டனர்.

இனி, ஒப்பு என்பது இரண்டன்றி நிகழாது. தனக்குத் தானே ஒப்பு என்று கூறும் முறையைத் தண்டியலங்காரம் பொதுநீங்குவமை என்று ஒருவகையாக்கிற்று. அதுவும் பிறிதொன்று ஒப்பதில்லை என்பதனைத் தெரிவிக்கும் வழியேயன்றி உண்மையில் ஒப்பிடுதலன்று. தொல்காப்பியனார் பொருளதிகாரத்தின் ஏழாம் இயலாக உவமவியலை வைத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு வகைகளை அதற்கு வகுத்தார். உவமையாக எடுக்கப்படுவது, பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. முகத்திற்கு மதியை உவமை கூறுவது மதி உயர்ந்ததாதலின். இவ்விதியைக் கடவுளிடத்துக் கொண்டு செல்லின் யாதாகும்? தன்னின் உயர்ந்தது ஒன்றில்லாத முதற்பொருளுக்கு உவமை எடுத்தல், இலக்கணத்தாலேயே இயலாததாய் முடியும். ஒப்பிலி, ஒப்பிலான் என்னுந் திருப்பெயர்கள் வெறும் புகழ்ச்சியல்ல. இலக்கண நூலாருடைய விதி அவ்விடத்துச் செல்லாது நின்றுவிடுதலைக் காட்டும் எல்லைக்கற்களாம்.

(ஈண்டு ஒன்று நினைவிற்கு வருதல் இயல்பே. கும்பகோணத்தை அடுத்துத் திருநாகேச்சரத்திற்கு அணித்தே வைணவத் திருப்பதியாகிய திருவிண்ணகர் உள்ளது. ஒப்பிலியப்பன் என்னும் ஆங்குள்ள பெருமானின் திருப்பெயர் மக்கள் நாவில் உப்பிலியப்பன் என்று திரிந்து வழங்குகின்றது. ஆங்கு நிவேதனமும் உப்பின்றியே செய்யப்படுகின்றது. ஓரெழுத்துத் திரிந்த அளவில் ‘ஒப்பு’, ‘உப்பு’ ஆயிற்று. ஆயினும் அன்பர் உப்பில்லாச் சோற்றையும் பத்தியோடு உண்கின்றனராதலின் நட்டம் ஒன்றும் இல்லை.)

அற்றேல், ஒப்பில்லாதவனைப் பாடும் திருமுறைகளிலும் உணர்த்தும் சாத்திரங்களிலும் ‘போல’ என்னும் உருபு ஏடுதோறும் வருதல் என்னை? இவ்வினாவிற்கு விடை நூலிலிருந்தே கூறலாம். ஆயினும் ஓர் ஆதீனத்துப் பாடசாலையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் அவ்விடையின் பயன் தெளிவாகும்.

அப்பாடசாலையில் சிவஞான சித்தியார் சுபக்கம் பாடங் கேட்டுவந்த மாணாக்கருள் ஒருவன் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவன், பதினேழு அகவையினன். ஒருநாள் ஊரிலிருந்து ஆள்வந்து அவனை அழைத்துச் சென்றது. தந்தையார் சிவபதம் அடைந்துவிட்டார். அவர் பெரும்புலவரல்லர், ஒரு சிறு மளிகைக்கடையை நடத்திக்கொண்டு, காலை மாலை இருவேளையும் ஐந்தெழுத்தை எண்ணி, பிரதோடந்தோறும் திருக்கோயிலை வலம்வந்தவர். பதினாறாம் நாள் கழிந்து, மாணாக்கன் மடத்திற்குத் திரும்புதற்கு முன்னாள் இரவு, அவன் அழுகை நில்லாமை கண்ட ஆச்சி அவனைத் தன்பக்கல் இருத்தி, “ஐயா, குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துக் கொட்டிக்கொண்டே இருக்குமாம். அந்தப் புழு குளவியையே நினைத்து நினைத்துக் கடைசியில் குளவியாகவே ஆகிப் பறந்துவிடுமாம். உன் அப்பன் வாழ்நாளெல்லாம் சிவசிவ என்றிருந்தான். அவன் சிவமாகிவிட்டான். இதற்கு அழலாமா?” என்றாள். அவன் அழுகை நின்றது. அவ்வுவமை அவனுக்குப் புதியதன்று. ஆசிரியரும் பாடத்தில் அதனைப் பலகாற் கூறியதுண்டு. கீடப் பிரமர நியாயம் என்று வடநூலார் வழங்கும் அதனை இந்நாட்டிற் கேளாதார் யார்?

மடத்திற்கு வந்த சின்னாட்களின்பின், தன் அறைச் சாளரத்தின் மேற்புறத்தே குளவி மண்கூடு கட்டுதலை அவன் கண்டான். ஆச்சி சொன்னதனைக் கண்ணாற் காணலாம் என்னும் ஆவலோடு நாள்தோறும் நோக்கினான். குளவி பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகக் கொணர்ந்து உள்ளே செலுத்தி, கூட்டின் வாயை மண்ணால் அடைத்துச் சென்றது. மீண்டும் அது வரவில்லை. இடையறாது கொட்டுதல் என்பது அங்கு இல்லை. ஐயம் மேலிட, அவன் ஒரு கூட்டினைப் பெயர்த்து உடைத்துப் பார்த்தான். உள்ளே புழுக்கள் சில அசைவற்றுக் கிடந்தன. அவற்றினிடையே வெண்ணிறமான வேறொரு சிறுபுழு, அவற்றுள் ஒன்றனைத் தின்றுகொண்டிருந்தது.

பூச்சிகளின் வாழ்வை ஆராய்ந்தார் இதனை நன்கறிவர். தாய்க்குளவி புழுவைக் கொட்டுவது தன்னைப்போல் ஆக்குதற்கன்று. அது கெடாமலும் ஓடாமலும் உயிரோடு கிடத்தற்கு. அதனோடு முட்டையையும் இட்டுக் கூட்டை மூடிவிடும். முட்டையினின்று வெளிப்படும் இளம்புழு அவ்விரையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். முன்னோர் புழு உட்செல்லுதலையும் குளவி வெளிவருதலையும் கண்டனர். இடையில் நிகழ்ந்ததனைக் காணவில்லை.

அன்று மாலை அம்மாணாக்கன் ஆசிரியரிடஞ் சென்று, உடைந்த கூட்டினை வாழையிலைத் துண்டில் வைத்து அவர் முன்னிட்டு, “ஐயா, புழு குளவியாகவில்லை. குளவியின் குஞ்சு அதனைத் தின்றுவிட்டது. ஆச்சி சொன்னது பொய்யாயிற்று. அப்படியானால் அப்பா?” என்றான். அதற்குமேல் அவனால் பேச இயலவில்லை.

ஆசிரியர் கண்ணாடியை அணிந்துகொண்டு அக்கூட்டினை நெடுநேரம் நோக்கினார். “நாளை பேசுவோம், தம்பி” என்று மாத்திரஞ் சொல்லி எழுந்து சென்றார். சுவடி நிலையத்துப் பேழையொன்றின் பின்புறத்தே குளவிக்கூடுகள் பல உண்டு என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் விடியுமுன் அவரே விளக்கோடு சென்று இரண்டனைப் பெயர்த்துப் பார்த்தார். பின்பு பாடத்திற்கு வந்தமர்ந்து, மாணாக்கர் எல்லாருங் கேட்ப, “முப்பது ஆண்டாக இவ்வுவமையைச் சொல்லிவருகிறேன். ஒருநாளும் கூட்டைத் திறந்து பார்த்ததில்லை. இனிச் சொல்லமாட்டேன்” என்றார். அத்தகைய ஒப்புதல் ஆசிரியன்மாரிடத்து எளிதிற் கிடைப்பதன்று.

அதன்பின் அவர் தொடங்கியது ‘ஒப்பு’ என்னுஞ் சொல்லிலிருந்து. சித்தியார் தொடக்கத்தில் அளவைகளைக் கூறுமிடத்து, ஆறென்பார் கொள்கையுள் உவமான அளவைக்கு ஆசிரியர் அருணந்தி தேவநாயனார் இட்ட பெயர் ‘ஒப்பு’ என்பதே. அவ்வாறனையும் பத்தென்பார் கொள்ளும் பத்தனையும் எடுத்தோதி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. நியாய நூலார் ஒப்பினைத் தனியளவையாக நாட்டுதற்குக் காட்டும் உதாரணம் ஆமாவைப் பற்றியது. நகரத்தான் ஒருவன், ஆவினைப் போல்வது ஆமா என்று காட்டில் வாழ்வானிடங் கேட்டறிந்து, பின்பு காட்டில் அத்தகைய விலங்கினைக் கண்டு, இதுவே ஆமா என்று துணிகின்றான். சித்தாந்தி இதனைப் பகுத்து நோக்குவான். காட்டவன் சொல் உரை. விலங்கினைக் கண்டது காட்சி. அதுவே இது என்று துணிந்தது கருதல். ஒப்பென்று தனியே நிற்கும் அளவை அங்கு யாதுளது?

“ஆதலின், தம்பி, ஒப்பு எதனையும் நாட்டாது. நாட்டப்பட்டதனைக் கண்முன் கொண்டுவந்து காட்டும்; அவ்வளவே. உயிர் மலம் நீங்கித் திருவடியிற் கலக்கும் என்பது குளவியைப் பார்த்து ஒருவர் கண்டுபிடித்ததன்று. ஆகமத்தாலும் அருளுடையார் வாக்காலும் அறியப்பட்டது. அதனைக் காட்ட ஒருவர் ஒரு விளக்கை ஏந்தினார். விளக்கு அணைந்தது. வீடு இடிந்ததென்று ஏன் அஞ்சுகின்றாய்?” என்றார் ஆசிரியர்.

இவ்விடை தருக்கத்திற்குப் போதும். மாணாக்கனுக்குப் போதவில்லை. “விளக்கு அணைந்தால் வேறு விளக்கு வேண்டுமல்லவா, ஐயா? அப்பா சிவமாயினாரா, சிவத்தைப் போலாயினாரா? சிவமாகிவிட்டால் நான் சந்நிதியில் விழுந்து வணங்கும்போது அப்பாவையா வணங்குகிறேன்? சிவத்தைப் போலானாரென்றால் இரண்டு சிவம் உண்டா?” என்று கேட்டான். இளைஞன் துயரத்தாற் கேட்ட கேள்வி, பெருஞ்சமயங்கள் தம்முட் பிரியும் இடத்திலேயே சென்று நின்றது.

ஆசிரியர் முதலில் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொண்டார். சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என நான்கு பேறுகள் சொல்லப்படும். சாரூபம் என்பது இறைவன் உருவத்தை ஒத்த உருவம் பெறுதல்; யோக நெறியின் பயன். அது மூன்றாவது படி. ஒத்தலோடு பயணம் முடியுமாயின் அதுவே ஈறாக வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். நான்காவதாகச் சாயுச்சியம் வைக்கப்பட்டமையின், ஒத்தல் என்பது வழியிற் கடக்கப்படும் ஒரு நிலையே என்பது பெறப்பட்டது. முண்டக உபநிடதம் மலம் நீங்கிய ஞானி அடைவதனைச் ‘சாமியம்’ என்னுஞ் சொல்லாற் கூறுவதுண்டு. ஆயினும் அதற்குப் ‘பரமம்’ என்னும் அடைகொடுத்தமையின், உருவொத்தல் போல்வதோர் எளிய ஒப்பு அதன் கருத்தன்று என்க. சிவசமவாதியோ மேலுஞ் சென்று, உயிர் சிவத்தோடு தட்டுக்குத் தட்டு நேர்நிற்கும் என்றான். நேர்நிற்குமாயின் ஐந்தொழிலும் உயிர் செய்தல் வேண்டும். முத்தியிலும் ஐந்தொழில் சிவத்திற்கே உரியது; உயிருக்குரியது இன்பம் நுகர்தலே. ஆகவே இரண்டு சிவம் இல்லை.

முதற்பக்கம் இதனினுங் கடிது. முற்றும் ஒன்றாகிவிடும் எனின், வணங்கத் தந்தையும் இல்லை. இன்பம் நுகர்வாரும் இல்லை. 1306-ஆம் ஆண்டில் தோன்றிய சிவப்பிரகாசத்தின் பாயிரத்திலே உமாபதி தேவநாயனார் ஆறு உவமைகளை ஒருங்கு வைத்தார். மூன்று கொள்ளாதன, மூன்று கொள்வன. பொன்னும் அணிகலமும் போல ஒன்றே என்பதும், இருளும் ஒளியும் போல முற்றும் வேறே என்பதும், சொல்லும் பொருளும் போல ஒருவாற்றான் ஒன்றும் ஒருவாற்றான் வேறும் என்பதும் விலக்கப்பட்டன. உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், அறிவும் கண்ணொளியும் என்பன கொள்ளப்பட்டன.

ஈண்டு ஆசிரியர் நெடுநேரம் நின்றார். அப்பாடத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. கடவுள் ஞாயிற்றை ஒப்பான் என்று அவ்வுவமை கூறவில்லை. உயிர் கண்ணை ஒக்கும் என்றும் கூறவில்லை. கண்ணிற்கும் ஞாயிற்றிற்கும் உள்ள தொடர்பு யாதோ, அதனை ஒத்தது உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பு என்றே கூறிற்று. பொருளோடு பொருளை ஒப்பித்தலன்று. தொடர்போடு தொடர்பை ஒப்பித்தல். ஒப்பில்லாதவனுக்கு ஒப்புக் கூறிய குற்றம் ஆசிரியர்க்கு எய்தாமை இதனாலேயாம்.

அன்றியும் ஒரே உவமையோடு நில்லாது மூன்றனை அடுக்கியதும் காரணம் பற்றியே. உயிர் உடலிற் பிரிவறக் கலந்திருத்தலின், இன்னான் வந்தான் என்கின்றோமேயன்றி இன்னானுடைய உடல் வந்தது என்பதில்லை. கலப்பால் ஒன்றாந் தன்மையை அது காட்டும். ஆனால் உடல் சடம், உயிர் அறிவுடையது, அங்கே அவ்வுவமை நொண்டும். உடனே இரண்டாவது வந்து கைகொடுக்கின்றது: கண்ணுக்குக் காணும் ஆற்றல் தன்னிடத்தே உண்டு, எனினும் ஞாயிறு இன்றி அது காணாது, பொருளால் இரண்டும் வேறு. ஞாயிறு தொலைவில் நிற்பதாதலின் அதுவும் ஓரிடத்தில் நொண்டும். மூன்றாவது அக்குறையை நிரப்பும்: கண்ணொளி ஒன்றனைக் காணும்போது உயிரின் அறிவும் உடன் நின்று காண்கின்றது, எங்கே கண்ணொளி முடிந்தது, எங்கே அறிவு தொடங்கிற்று என்று வரைகீற இயலாது. ஒவ்வோர் உவமையும் தனக்கு முன்னதன் மிகையைத் திருத்துகின்றது. தனியே ஒன்றனைப் பற்றிக்கொண்டு அதன் எல்லா உறுப்பையும் பொருளின்மேல் ஏற்றுவார்க்கே மயக்கம் விளையும்.

மாணாக்கருள் மூத்தவன் ஒருவன் இடையிற் புகுந்து, “அத்துவிதம் என்னுஞ் சொல்லில் இரண்டு இல்லை என்றுதானே இருக்கிறது?” என்றான். எதிர்மறை குறிக்கும் நகரத்திற்கு வடநூலார் ஆறு பொருள் கூறுவர் என்றும், அவ்வாறனுள் இன்மையும் உண்டு, அன்மையும் உண்டு, வியப்பாக ஒப்புமையும் உண்டு என்றும் ஆசிரியர் விளக்கினார். அப்பிராமணன் என்புழிப் பிராமணன் அல்லாத, ஆனால் அவனைப் போன்ற ஒருவன் என்னும் பொருளும் கொள்ளப்படும். இல்லை என்னும் எழுத்துப் ‘போல’ என்னும் உருபின் தொழிலைச் செய்கின்றது! அத்துவிதத்தில் அந்நகரத்திற்கு இன்மைப் பொருள் கொள்ளாது அன்மைப் பொருளே கொண்டார் மாதவச் சிவஞான முனிவர். இரண்டு பொருள் இல்லை என்பதன்று. இரண்டாய்ப் பிரிந்து நிற்றல் அன்று என்பதே கருத்து.

நெல்லைச் சிறுவன் இன்னும் வாளா இருந்தான். அவன் இலக்கணத்தில் வல்லன் என்பது ஆசிரியர்க்குத் தெரியும். “தம்பி, தாள் என்பதனையும் தலை என்பதனையும் சேர்த்துச் சொல்” என்றார். “தாடலை” என்றான். “ளகரம் எங்கே?” “கெட்டது, ஐயா.” “தகரம்?” “டகரமாய்த் திரிந்தது.” “தாள் என்னும் சொல் போய்விட்டதா?” “இல்லை.” “தலை?” “அதுவும் இல்லை. இரண்டும் இருக்கின்றன. ஆனால் பிரித்துக் காட்டினால்தான் தெரியும்.” “எது மேலே, எது கீழே?” இதற்கு அவன் உடனே விடை கூறவில்லை. சிறிதுபோழ்து கழித்து, “தாள் முன்னே நிற்கிறது. தலை அதன்கீழ்ப் போய்ச் சேர்ந்தது” என்றான். திருவருட்பயனில் இன்புறு நிலையை உணர்த்த உமாபதி தேவநாயனார் எடுத்தது இப்புணர்ச்சியையே. எழுத்திலக்கணம் படித்த ஒருவரே அத்தகைய உவமையைக் காண்டல் கூடும்.

“உன் தந்தையார் எந்நிலையை அடைந்தார் என்பதனை நான் அறியேன். திருவருள் அறியும். அறிந்ததுபோல உனக்குச் சொன்னால் அது இன்னொரு குளவிக்கூடாகிவிடும்” என்றார் ஆசிரியர். “ஆனால் ஒன்று கேள். நாள்தோறும் காலையில் நீ என்னிடம் பாடம் ஒப்புவிக்கின்றாய். நூலில் உள்ளவாறே உன் வாயில் வருகின்றது. அப்போது நீ நூலாகிவிடுவதுமில்லை; நூலாசிரியனுக்குச் சமமாவதுமில்லை. உன் சொல் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் சொல்பவன் நீதான். கடையில் மாலைதோறும் உன் தந்தையார் பெட்டிச் சாவியை யாரிடம் ஒப்புவிப்பார்?” “தாத்தாவிடம்.” “ஒப்புவித்தபின் அவர் கையில் என்ன இருக்கும்?” “ஒன்றும் இராது. வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார்.” அவ்வளவில் ஆசிரியர் நிறுத்திவிட்டார். அவன் கண் கலங்கியதென்றும், ஆனால் முன்னாளைய கலக்கம் அதில் இல்லை என்றும், உடனிருந்து கேட்ட மாணாக்கர் பிற்காலத்திற் சொல்வதுண்டு.

ஊருக்கு எழுதுங் கடிதத்தில் குளவியைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டா என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். முதியவளின் ஆறுதலைக் கலைத்தல் ஆகாதென்பது அவர் எண்ணம். அவ்வாறே அவனும் எழுதாதிருந்தான். ஆண்டுத் திதிக்கு ஊர் சென்றபோது மறைக்க மாட்டாமல், கூட்டினை உடைத்துப் பார்த்த செய்தியை ஆச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஆச்சி அப்போது அடுக்களை முற்றத்தில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள்.

“அது எனக்குத் தெரியாதா, ஐயா? சின்னப்பிள்ளையில் எத்தனை குளவிக்கூடு உடைத்திருக்கிறேன். உள்ளே தின்றுகொண்டுதான் கிடக்கும்” என்றாள்.

“பின்னே ஏன் ஆச்சி அப்படிச் சொன்னீர்கள்?”

“கோயிலில் புராணம் படித்தவர் சொன்னார். கேட்க நன்றாயிருந்தது. நீ மூன்று நாளாய்ச் சோறு தின்னவில்லை. சொன்னேன்; தின்றாய்.”

மடத்திற்கு மீண்டு அவன் இதனைக் கூறியபோது ஆசிரியர் வாய்விட்டு நகைத்தார். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் ஆச்சி கூறியது எதன்பாற்படும் என்று மாணாக்கரை வினாவினார். ஒருவன் வினையென்றான், ஒருவன் மெய்யென்றான். நெல்லைச் சிறுவன் ஒன்றும் சொல்லாமல் சிரித்தான். அன்று சித்தியாரில் விட்ட இடம் எட்டாஞ் சூத்திரம். ஏட்டைப் பிரித்துப் பாடத்தை ஒப்புவிக்கும் முறை அவனுடையதாயிருந்தது.